குச்சி வந்துச்சா?

ஜூன் 3, செவ்வாய்

உரக்கடையில் கொடுத்த டைரி இது. ரத்த அழுத்தத்தைத் தினமும் குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். குறிக்க உட்கார்ந்தாலே அழுத்தம் ஏறிவிடுகிறது. ஆகவே அதை விட்டுவிட்டு மற்றதை எழுதுகிறேன்.

காலையில் மாத்திரைக்கு முன்பே ஃபோனை எடுத்தேன். ‘ஊற்றும் தங்கக் குச்சியும்’ பதினோரு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள்! உடுமலையில் இத்தனை வருஷமாகக் கல்யாண வீடியோ எடுக்கிறேன். நான் எடுத்த வீடியோவை மாப்பிள்ளையே முழுசாகப் பார்த்ததில்லை. இப்போது துபாயில் இருக்கிறவன் பார்த்துவிட்டு அழுகிறான். அழுகிற பொம்மைதான் போட்டிருக்கிறான், இருந்தாலும் அழுகை அழுகைதானே.

கல்யாணங்களையெல்லாம் ட்ரோன் வைத்திருக்கும் பையன்கள் அள்ளிக்கொண்டு போன பிறகு, ‘மலை பேசுது’ என்று பக்கம் ஆரம்பித்தேன். மலைவாழ் மக்களின் வாய்மொழிக் கதைகள், ஒன்றரை நிமிஷத்தில். இந்தக் கதை கீரமலையில் ஊத்துப்பதி என்கிற குடியிருப்பில் கிடைத்தது. சொன்னவள் மசணி, அங்கே அங்கன்வாடியில் சமைக்கிறாள், வாய் என்னைவிட நீளம்.

கதை இதுதான். கிழங்கு தோண்டப் போன ஒருத்தியின் தோண்டுகுச்சி மண்ணில் மாட்டிக்கொள்கிறது. இழுக்கிறாள், குச்சி வரவில்லை, தண்ணீர் வருகிறது. “என் குச்சியைக் கொடு” என்கிறாள். “இரு, தருகிறேன்” என்கிறது ஊற்று. அவள் காத்திருக்கிறாள். காத்திருந்த இடத்திலேயே குடிசை போடுகிறாள், பிள்ளை பெறுகிறாள். கடைசியில் ஊற்று அந்தக் குச்சியைத் தங்கமாக்கித் திருப்பிக் கொடுக்கிறது. அவள் குடும்பத்தோடு மலையிறங்கிச் சமவெளிக்குப் போய்ச் சந்தோஷமாக வாழ்கிறாள். அந்த இடத்தில் புல்லாங்குழலும் இரண்டு அன்னப்பறவைகளும் விட்டிருக்கிறேன். பறவைகள் ஏதோ ஒரு கவுண்டர் வீட்டுக் கல்யாணத்துக்காக வாங்கியவை, சும்மாதானே கிடந்தன.

“கெழங்கு தோண்டறவளுக்கு எதுக்குங்க அன்னப்பட்சி?” என்றாள் சாந்தாமணி. மனைவிகளுக்குக் கலை உணர்வு குறைவு.

ஜூன் 6, வெள்ளி

என் கதை என்னிடமே திரும்பி வந்துவிட்டது. சகலை அனுப்பியிருக்கிறார், “நல்ல செய்தி, அவசியம் படிக்கவும்” என்று. அதில் கதைக்கு ஐயாயிரம் வயது. இன்னொரு பக்கத்தில் இது அந்தமான் கதை. மூன்றாவதில் கிழங்கு தோண்டுகிறவள் ஜப்பான்காரி மாதிரி இருக்கிறாள், குடை பிடித்திருக்கிறாள். வயிறு எரிந்து எல்லாருக்கும் ‘திருடாதீர்கள்’ என்று எழுதினேன். பழங்குடி மக்களின் சொத்தை இப்படியா கூசாமல் மாற்றுவது?

முடிவைத்தான் எல்லாரும் புகழ்கிறார்கள். ‘அவள் இறங்கிப் போகும்போது உடைந்துவிட்டேன்’ என்கிறார்கள். முடிவைப் பற்றி இங்கே மேற்கொண்டு எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 9, திங்கள்

யாரோ ஒரு ஆராய்ச்சி மாணவி கேட்டிருக்கிறாள்: ‘சொன்னவர் பெயர் என்ன, வெட்டாத முழுப் பதிவு இருக்கிறதா?’ கும்பிடும் பொம்மை போட்டேன். மறுபடி கேட்டாள். இரண்டு கும்பிடு போட்டேன். மூன்றாம் தடவை கேட்டதும் தடுத்துவிட்டேன். சாந்தாமணிக்குப் பீர்க்கங்காய் வாங்கி வர மறந்துவிட்டேன். அவளும் என்னைத் தடுத்துவிட்டாள், சாப்பாட்டு விஷயத்தில்.

ஜூன் 12, வியாழன்

நல்ல நாள். கீரமலையில் ‘மேகக்கூடு’ என்று ஒரு ரிசார்ட் வரப்போகிறது. அதன் மேலாளர் நிஷாந்த் கார் அனுப்பினார். வரவேற்பறைச் சுவர் முழுக்க என் கதையைத் தீட்டப் போகிறார்களாம். பொன்னாடை போட்டார்கள். போளி கொடுத்தார்கள்.

“அண்ணா, கேமரா முன்னால ஒரு சின்ன பைட் மட்டும் பேசிக் குடுத்துருங்க. இது மலை மக்களே சொன்னது, நீங்க எதுவும் மாத்தலைனு. கெஸ்ட்டுக்கெல்லாம் அத்தன்டிக்கா இருந்தாத்தான் புடிக்கும்.”

எத்தனை மணமக்களைக் கேமரா முன்னால் பேசவைத்திருப்பேன்! என்னை யாராவது பேசச் சொன்னது இதுதான் முதல் தடவை. நெஞ்சில் கை வைத்துச் சொன்னேன்: “என் காதால் கேட்டது. ஒரு எழுத்துகூட மாற்றவில்லை.” ஒரே டேக்.

ஜூன் 13, வெள்ளி

பொன்னாடையைச் சாந்தாமணி மிக்சிமேல் மூடிப் போட்டிருக்கிறாள்.

ஜூன் 17, செவ்வாய்

மசணி ஃபோன் செய்தாள். அவர்கள் ஊரில் சிக்னல் கிடைக்க ஒரு பாறைமேல் ஏற வேண்டும். ஏறிய களைப்போடு கோபமும் சேர்ந்து மூச்சு வாங்கியது.

“ஏனுங் ஸ்டுடியோக்காரரே, நல்லாருக்கீங்களா?”

“நல்லாருக்கேன் மசணி. நீ வைரலாயிட்டே தெரியுமா?”

“அதெல்லாம் இருக்கட்டும்ங். எங்க குச்சி எப்பங் வந்துச்சு?”

“எந்தக் குச்சி?”

“ஊத்து புடிச்சு வச்சிருக்கற குச்சி. அது வந்துருச்சுன்னும், நாங்கெல்லாம் கீழ எறங்கிப் போயிட்டம்னும் சொல்லியிருக்கீங்களாமே. அப்ப இங்க ஒக்காந்து உங்களோட பேசறது யாருங்? பேயா?”

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பிறகு நிதானமாகச் சொன்னாள். ஊற்றும் அதைச் சுற்றியுள்ள சரிவும் தங்கள் பொது உரிமை என்று ஊத்துப்பதிக்காரர்கள் வன உரிமைச் சட்டப்படி மனு கொடுத்திருக்கிறார்கள். பட்டாவும் பத்திரமும் அவர்களிடம் ஏது? தலைமுறை தலைமுறையாக அங்கே இருக்கிறோம் என்பதற்கு ஊர்க்காரர் வாய்ச்சொல்லையும் சாட்சியாக எடுத்துக்கொள்ளலாமாம். அவர்களுடைய வாய்ச்சொல்லில் முதலாவது இந்தக் கதை. ரிசார்ட்டுக்கும் அந்த ஊற்றுத் தண்ணீர்தான் வேண்டும். ஆகவே அவர்கள் ஆட்சேபம் போட்டு, என் வீடியோவைக் கொடுத்துவிட்டார்கள். இந்த மக்கள் எப்போதோ இறங்கிப் போய்விட்டார்கள், இப்போது இருப்பவர்கள் பின்னால் வந்து குடியேறியவர்கள், இதோ அவர்கள் கதையே சொல்கிறது என்று. கூடவே நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நான்.

“வெள்ளிக்கெழமைக்கு அடுத்த வெள்ளிக்கெழமை விசாரணைங். நான் அன்னைக்கு முழுசாச் சொன்னனே, அந்த வீடியோ இருக்குமில்லீங்?”

“தேடறேன்” என்றேன்.

ஜூன் 18, புதன்

தேடினேன். ஸ்டுடியோவில் பழைய கேசட் பெட்டி, ட்ரைபாட் பை, ஆல்பம் அலமாரி எல்லாம் தேடினேன். அந்த மெமரி கார்டு இல்லவே இல்லை. வீட்டு பீரோவில் மட்டும் தேடவில்லை. பீரோ சாவி சாந்தாமணியிடம் இருக்கிறது. அவளைத் தொந்தரவு செய்ய மனம் வரவில்லை.

ஜூன் 19, வியாழன்

யாராவது கேட்டால் சொல்வதற்கு: கார்டு கிடைத்தாலும் ஃபைல் கெட்டுப்போயிருக்கும். கார்டுகள் அப்படித்தான்.

ஜூன் 20, வெள்ளி

மூளை வேலை செய்கிறது. கதையைக் கெடுத்தது கதை என்றால், கதையாலேயே சரிசெய்ய வேண்டியதுதானே? ‘ஊற்றும் தங்கக் குச்சியும், பாகம் இரண்டு’ போட்டேன். சமவெளியில் திருடர்கள் தங்கக் குச்சியைப் பறித்துக்கொள்கிறார்கள். அவள் அழுதுகொண்டே பிள்ளைகளோடு மலைக்கே திரும்பி வந்துவிடுகிறாள். இந்தத் தடவை ஒரே ஒரு அன்னப்பறவை, சோகத்துக்காக.

மதியத்துக்குள் நிஷாந்த் கூப்பிட்டார். குரலில் தேன்.

“சூப்பர்ணா! போனவங்க திரும்பி வந்தாங்கனு நீங்களே சொல்லிட்டீங்க. அதத்தானே நாங்களும் சொல்றோம், நடுவுல வந்து சேந்தவங்கனு.”

சாயங்காலம் மசணி பாறை ஏறினாள். “முன்னால ஒரு பொய்யிங். இப்ப அதுக்குத் துணைக்கு ஒண்ணு” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள்.

பாகம் இரண்டை எடுத்துவிட்டேன். அதற்குள் சகலை எனக்கு அனுப்பிவிட்டார்.

ஜூன் 23, திங்கள்

வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. கீரமலைக்குப் பஸ் ஏறினேன். பஸ் நின்ற இடத்திலிருந்து மேலே நடை. மூச்சு வாங்க ஊத்துப்பதிக்குள் நுழைந்தால், அங்கன்வாடி வாசலில் இருந்த பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

“மசணி, உன்ற அன்னப்பட்சி வந்துருச்சு பாரு.”

என் பெயர் திருமூர்த்தி என்பதை அந்த ஊரில் யாரும் இனிமேல் நம்பப் போவதில்லை.

மசணி சாம்பார் வாளியை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். பிள்ளைகளுக்குப் போக மீதியை எனக்கும் ஊற்றினாள். கோபத்தில் போட்ட சோறு நல்ல ருசி. ஊற்றுக்குக் கூட்டிப்போனாள். கல்லிடுக்கில் ஒரு கை அகலத் தண்ணீர். இதற்காகவா இத்தனை சண்டை என்று தோன்றியது. பிறகு பார்த்தேன், ஊரின் குடமெல்லாம் அங்கேதான் வரிசையாக நின்றது.

“ஏன் மசணி, குச்சி வந்துச்சுன்னா என்ன, வராட்டி என்ன? கதைதானே?”

“நீங்க ஒருத்தருக்கு அரிவாள இரவல் குடுக்கறீங்க. திருப்பிக் கேட்டா அவங்க ‘இருங், தர்றேன்’னு உள்ள போறாங்க. நீங்க என்ன பண்ணுவீங்?”

“வாசல்ல நிப்பேன்.”

“அரிவாள் வந்துருச்சுன்னா?”

“வீட்டுக்குப் போயிருவேன்.”

“அவ்வளவுதாங் கதை. குச்சி வல்லை, அதனால இங்க நிக்கறோம். நீங்க குச்சியக் கையில குடுத்து, புல்லாங்குழலும் ஊதி, அனுப்பி வச்சுட்டீங்க.”

குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தேன்.

“கடைசியில நான் கேட்டனே, ஞாபகமிருக்காங்? ஊரே பதில் சொல்லுச்சே.”

ஞாபகம் இருந்தது. கதை சொல்லி முடிக்கிறவர் “குச்சி வந்துச்சா?” என்று கேட்க வேண்டும். கேட்டுக்கொண்டிருக்கிற எல்லாரும், வேலையில் இருக்கிறவர்கள்கூட, “வல்லை” என்று கத்த வேண்டும். பதில் வராவிட்டால் கதை சொன்னதாகவே கணக்கில்லையாம். அன்றைக்கு அந்தக் கத்தலில் என் மைக்கில் ஆடியோ உடைந்துவிட்டது. சிவப்புக் கோடு துள்ளியது. எங்கே ஆடியோ உடைந்தாலும் வெட்டிவிடுவேன். தாலி கட்டும்போது கெட்டிமேளச் சத்தத்தையே வெட்டி எடுத்தவன் நான்.

இறங்கும்போது அவள் கேட்டாள், “கார்டு கெடைச்சுதுங்களா?”

“பீரோவுல மட்டும் பாக்கல” என்றேன்.

“பீரோ உங்க வீட்டுலதானுங்க இருக்குது?”

ஜூன் 25, புதன்

சாந்தாமணி நான் கேட்காமலேயே பீரோவைத் திறந்தாள். பட்டுப்புடவைக்கு அடியிலிருந்து கார்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

“போன மாசம் நீங்கதானுங்க, ‘பத்திரமா வை, யார் கேட்டாலும் குடுத்தறாத’ன்னு குடுத்தீங்க. யார் கேட்டாலும்னா, நீங்க கேட்டாலுமான்னு நெனச்சு நானும் பேசாம இருந்தேன்.”

கம்ப்யூட்டரில் போட்டோம். கூடையும் குழந்தையுமாகப் பெண்கள், நடுவில் மசணி. கதை, கேள்வி, “வல்லை” என்ற கத்தல். அதன் பிறகு, கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். நெய் வடிகிற மாதிரி.

“ஏனுங்க, முடிவு சப்புனு இருக்குதே. குச்சி தங்கமாயிருச்சுன்னு சொன்னா என்னங்க?”

எல்லாரும் சிரிக்கிறார்கள். மசணி சொல்கிறாள்: “தங்கத்த வச்சுக் கெழங்கு தோண்டினா வளைஞ்சு போயிருமேங்!”

“பரவால்லம்மா, அதை நான் பாத்துக்கறேன்” என்கிறது அந்தக் குரல்.

சாந்தாமணி அந்த இடத்தை மறுபடி ஓடவிட்டுக் கேட்டாள். மிக்சிமேல் இருந்த பொன்னாடையை எடுத்து மடித்து என் மடியில் வைத்தாள். “வெள்ளிக்கெழம போகும்போது இதையும் கொண்டுட்டுப் போயித் திருப்பிக் குடுத்துருங்க” என்றாள்.

பிறகு பீர்க்கங்காய்த் துவையல் அரைத்தாள்.  

ஜூன் 27, வெள்ளி

கோட்டாட்சியர் அலுவலகம். ஊத்துப்பதியே வேன் பிடித்து வந்திருந்தது. எதிரில் நிஷாந்த், இஸ்திரி போட்ட சட்டையும் ஐபேடுமாக. நான் எந்தப் பக்கம் உட்காருவது என்று தெரியாமல் தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்றேன்.

கோட்டாட்சியர் அம்மா என் ரீலைப் பார்த்தார். அன்னப்பறவைகள் பறந்தபோது அவர் முகத்தில் எதுவும் அசையவில்லை. பிறகு நான் எழுந்து, முழுப் பதிவு இருக்கிறது, முடிவை நான்தான் போட்டேன் என்று சொன்னேன். ஓடவிட்டார்கள். என் நெய்க் குரல் அரசு ஸ்பீக்கரில் ஒலித்தது. குமாஸ்தாக்கள் சிரிப்பை அடக்கினார்கள். சரி, அவமானம் முடிந்தது, வேலையும் முடிந்தது என்று உட்காரப் போனேன்.

“நீங்க தொழிலே வீடியோ எடிட்டிங்தானே?” என்றார் அம்மா.

“ஆமாங்க.”

“இல்லாத முடிவை இருக்கற மாதிரி பண்ணிட்டீங்க. ரிசார்ட்டுக்காக நெஞ்சுல கை வச்சு, மாத்தலைனும் சொல்லியிருக்கீங்க. இன்னைக்கு வேற ஒரு வீடியோ கொண்டு வந்து, இதுதான் நிஜம்ங்கறீங்க. இது வெட்டி ஒட்டினதில்லைனு நான் எப்படி நம்பறது?”

கை தானாக நெஞ்சுக்குப் போனது. இறக்கிக்கொண்டேன்.

நிஷாந்த் எழுந்தார். “அதையேதான் மேடம் நாங்களும் சொல்றோம். போன வாரம் இவரே பார்ட் டூ போட்டு எடுத்துட்டாரு. கேஸுக்குத் தகுந்த மாதிரி கதை.”

மசணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ‘துணைக்கு வந்த பொய்’ என்று சொல்கிற பார்வை. “நான் இப்பவே சொல்றனுங் மேடம், எங்க ஊரே சொல்லும்” என்றாள்.

“உங்க ஊருக்கு இது தேவைப்படுதும்மா. நீங்க எல்லாரும் ஒண்ணா பேசி வச்சுக்கிட்டு வந்தீங்கனு அவங்க சொல்லுவாங்க.” அம்மா பேனாவை மூடி வைத்தார். “திங்கக்கிழமை காலைல ரெண்டு தரப்புலயும் ஆளுக்கு ஒருத்தர் வாங்க. நீங்களும் வாங்க, ஸ்டுடியோ. கேமரா வேண்டாம்.”

பொன்னாடையை நிஷாந்திடம் கொடுத்தேன். “வச்சுக்கங்கண்ணா, சென்டிமென்ட்டா” என்றார். அவர் கார் பானெட்மேல் வைத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 29, ஞாயிறு

தூக்கம் இல்லை. அவர்கள் தோற்றால் அந்த ஊற்றிலிருந்து குழாய் ரிசார்ட் நீச்சல் குளத்துக்குப் போகும். என் கதை சுவரில் இருக்கும், அதற்குக் கீழே என் பெயரும். ரத்த அழுத்தத்தைப் பார்த்தேன். எழுத மாட்டேன்.

ஜூன் 30, திங்கள்

ஜீப்பில் ஏற்றினார்கள். மசணி, நிஷாந்த், நான். ஏறும்போதே ஃபோன்களை வாங்கி ஒரு பையில் போட்டுக்கொண்டார்கள். எங்கே போகிறோம் என்று டிரைவருக்கே பாதி வழியில்தான் சொன்னார் அம்மா. கீரமலைக்கு மறுபக்கம், கல்லுப்பதி. அதே சனங்கள், ஆனால் ஊத்துப்பதி ஊற்றில் ஒரு சொட்டும் அவர்களுக்குத் தேவையில்லை. அவர்களுக்கு அவர்கள் ஓடை இருக்கிறது.

“நீங்க மூணு பேரும் வண்டிக்கிட்டயே நில்லுங்க. வாயத் திறந்தா அறிக்கைல எழுதுவேன்” என்றார். நான் வாயைத் திறக்காமல் நின்ற வரலாறு இல்லை. நின்றேன்.

முதல் வீட்டு வாசலில் ஒரு பெண் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு ஆண்கள் கூரைமேல் ஓடு மாற்றிக்கொண்டிருந்தார்கள். கோழிக் கூடையருகே ஒரு கல்லூரிப் பெண் காதில் ஒயரோடு உட்கார்ந்திருந்தாள். அம்மா வழி கேட்கிற மாதிரி தண்ணீர் வாங்கிக் குடித்தார். மழையைப் பற்றிப் பேசினார். செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, போகிற போக்கில் கேட்டார்.

“குச்சி வந்துச்சா?”

“வல்லை.”

முறம் நிற்கவில்லை. அந்தப் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கூரைமேல் இருந்தவர்களிடமிருந்தும் “வல்லை” வந்தது, ஆணியைப் பல்லில் கடித்தபடி. பின்கட்டிலிருந்து யாரோ முகம் தெரியாதவர் “வல்லை” என்றார். பிறகுதான் முறம் நின்றது. கேட்டவர் அதிகாரி என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. “அய்யோ, நீங்க எப்படிங் கேட்டீங்?” என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நிஷாந்தால் பொறுக்க முடியவில்லை. “மேடம், அந்தத் தங்கக் குச்சி வீடியோ, அதையும் கேளுங்க. இவங்களும் பாத்திருப்பாங்க.”

கல்லூரிப் பெண் காதிலிருந்து ஒயரை எடுத்தாள். “அதுங்களா? பாத்தேன். அது அன்னப்பட்சி கதைங். அது டவுன்காரங்களோடது. இது எங்களோடது. ரெண்டும் வேற வேறங்.”

மசணி ஜீப் கதவில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து ஆறுதல் சொல்லப் போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீர் வேறு.

அம்மா ஜீப்பில் ஏறும்போது என்னைப் பார்த்து, “இது ரெக்கார்ட் ஆகலைனு வருத்தமா?” என்றார். ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும். இல்லை என்றேன்.

ஜூலை 4, வெள்ளி

கோட்டாட்சியர் அறிக்கை மாவட்டத்துக்குப் போய்விட்டது. ரிசார்ட்டின் ஆட்சேபம் ஏற்கப்படவில்லை. மசணி பாறைமேலிருந்து வாசித்துக் காட்டினாள், நிறுத்தி நிறுத்தி, ஒரு இடத்தில் மட்டும் இரண்டு தடவை: ‘திரு. திருமூர்த்தியின் காணொளிகள் எதுவும், இரு தரப்புக்கும், சாட்சியமாக எடுத்துக்கொள்ளப்படவில்லை.’

“உங்க பேரு வந்துருச்சுங், கவர்மென்டு பேப்பர்ல” என்றாள்.

இறுதி உத்தரவு மாவட்டத்திலிருந்து வர வேண்டும்.

ஜூலை 6, ஞாயிறு

ரீலை எடுத்துவிட்டு முழுப் பதிவைப் போட்டேன், மசணியிடம் கேட்டுவிட்டு. என் நெய்க் குரல் உட்பட. பறவை இல்லை, புல்லாங்குழல் இல்லை. ‘ஆடியோ சரியில்லை’, ‘முடிவு எங்கே?’, ‘பழைய கதையே நல்லாருந்துச்சு, இது போலி’ என்று வருகிறது. பின்தொடர்பவர்கள் சந்தை முடிந்த மாதிரி கலைகிறார்கள். அந்த ஆராய்ச்சி மாணவியின் தடையை நீக்கி, மசணியின் எண்ணைக் கொடுத்தேன். அதற்கும் மசணியிடம் கேட்டேன்.

பழைய தங்கக் குச்சியைச் சகலை மறுபடி அனுப்பியிருக்கிறார். அதை இனி யாராலும் திருப்பி வாங்க முடியாது. எங்கெங்கோ போய்க்கொண்டிருக்கிறது, அன்னப்பறவைகளோடு.

ஜூலை 11, வெள்ளி

ஆர்டர் வரவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

வரவில்லை. மாவட்ட அலுவலகத்தில் ஒரு கல்யாண வாடிக்கையாளர் மூலம் விசாரித்தேன். கோப்பு மேஜைமேல் இருக்கிறதாம். எந்த மேஜை என்று தெரியவில்லையாம். எனக்குக் கை பரபரக்கிறது. எதையாவது வெட்டி, எதையாவது ஒட்டி, இதை முடித்துவிட வேண்டும் போல இருக்கிறது.

ஜூலை 19, சனி

காலையில், மசணி பாறை ஏறுகிற நேரம் பார்த்துக் கூப்பிட்டேன்.

“ஆர்டர் வந்துச்சா?”

“தெனமும் இதையேதாங் கேக்கறீங்க. இருங், எல்லாரும் பாறைக்குப் பக்கத்துலதான் இருக்காங்க, வெறகு கட்டிக்கிட்டு. ஸ்பீக்கர்ல போடறேன். நல்லா சத்தமாக் கேளுங்க.”

சாந்தாமணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். நெய் வடியாமல் கேட்க வேண்டும் என்று மட்டும் நினைத்தேன்.

“ஆர்டர் வந்துச்சா?”

“வல்லை!” என்று அத்தனை பேரும் ஒன்றாகக் கத்தினார்கள். ஃபோன் ஸ்பீக்கர் கிறீச்சிட்டு உடைந்தது. என் கை, முப்பது வருஷப் பழக்கத்தில், சத்தத்தைக் குறைக்கப் போனது. சாந்தாமணி அதைப் பிடித்து நிறுத்தினாள்.